ராஜாவுக்குள் புகுந்த கிழவன்: கார்ட்டூன் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் பிள்ளைகள் சேர்ந்து சின்னதாக ஒரு கார்ட்டூன் படம் எடுக்க உட்கார்ந்தால், ஒரு கதை தவறாமல் வந்துவிடுகிறது: பழைய காலத்து மந்திரவாதி ஒருவன் ராஜாவின் உடம்புக்குள் புகுந்து நாட்டை ஆட்டிவைக்கிறான். நல்ல கதை. எடுக்கும்போதுதான் எல்லோரும் அதே இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம்.

பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணக் கதைதான். ஒரு சின்ன நாட்டு ராஜா. குளம் தூர்வாரும்போது சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணி ஒன்று கிடைக்கிறது. அதைக் கழுத்தில் போட்டதும், அதில் அடைபட்டிருந்த மந்திரவாதிக் கிழவன் அவருக்குள் புகுந்துகொள்கிறான். அவனுடைய எலும்பு குளத்துக்கு அடியில் ஒரு கற்பதுக்கையில், அதாவது பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பழைய கல்லறையில் கிடக்கிறது. அதை எடுத்தால் அவனுக்குச் சொந்த உடம்பு திரும்பும். ராஜா மாறிப்போனதை முதலில் கண்டுபிடிப்பவள் அரண்மனைக் கட்டுத்தரையில் மாடு பார்க்கும் சிறுமி.

ராஜா உடம்புக்குள்ள மந்திரவாதி பூந்துக்கறான். கதைக்கு இது போதுமுங்களா?

போதாது. அது ஆரம்பம் மட்டும்தான். மூன்று விஷயம் முடிவாக வேண்டும். கிழவனுக்கு என்ன வேண்டும்? அதற்கு ஏன் ராஜாவின் உடம்பே வேண்டும்? மாற்றத்தை யார் கவனிக்கிறார்கள்? ‘உலகத்தை ஆளவேண்டும்’ என்று எழுதினால் படம் நகராது. எந்தக் காட்சியிலும் அவன் செய்வதற்கு வேலை இருக்காது. உதாரணக் கதையில் அவனுக்குத் தேவை ஒரே ஓர் ஆணை: ‘குளத்துக்கரையை உடை.’ வேறு யார் சொன்னாலும் ஊர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கும். ராஜா சொன்னால் செய்யும். அதனால்தான் ராஜா.

டிவியில இதே மாதிரி வந்திருக்குதே, காப்பி அடிச்சதாயிடாதுங்களா?

ஒருவர் உடம்பில் இன்னொருவர் புகுவது யாருக்கும் சொந்தமான கருத்து அல்ல. கூடுவிட்டுக் கூடு பாய்தல் நம் கதைகளில் காலங்காலமாக இருக்கிறது. இறந்துபோன மூலன் என்ற மாடு மேய்ப்பவரின் உடம்பில் திருமூலர் புகுந்த கதை உண்டு. அமருகன் என்ற அரசனின் உடம்பில் ஆதிசங்கரர் புகுந்ததாகவும் சொல்வார்கள். விக்கிரமாதித்தன் கதைகளிலும் இது வருகிறது. பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்குப் பொருந்தாது; அதை வெளிப்படுத்திய உருவத்துக்குத்தான் பொருந்தும். ஆகவே டிவியில் வந்த முகம், உடை, பெயர், இசை, வசனம் எதையும் எடுக்காதீர்கள். கதையின் கரு பொதுச்சொத்து.

எத்தனை நிமிசம் எடுக்கலாம்? எத்தனை படம் வரையோணும்?

முதல் முயற்சிக்கு 3 நிமிடம் போதும். படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத தனிப்படமாக ஓடும். ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 வரைபடம், நிமிடத்துக்கு 720, 3 நிமிடத்துக்கு 2160. மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 3 நிமிடத்துக்கு 1440. இது எல்லாம் அசைந்துகொண்டே இருந்தால் வரும் கணக்கு. உண்மையில் பேசும்போது வாயும் புருவமும் மட்டும் அசைந்தால் போதும், உடம்பை ஒருமுறை வரைந்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். கிழவன் புகுந்த ராஜா அசையாமல் நிற்பதே பயமூட்டும் என்பதால் இந்தக் கதைக்கு இந்தச் சிக்கனம் நன்றாகவே பொருந்துகிறது.

ஒரு ஷாட் (நடுவில் வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு) சராசரியாக 5 நொடி என்றால் 3 நிமிடத்துக்கு 36 ஷாட். முதலில் 36 சின்னக் கட்டங்களில் பென்சிலால் வரைந்து, செல்போனில் படம் பிடித்து, வசனத்தை ஒலிப்பதிவு செய்து, இரண்டையும் ஒட்டி ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே புரியவில்லை என்பது அங்கேயே தெரியும். இதைச் செய்யாமல் நேராக வரைய உட்கார்ந்தவர்கள், முழுசாக வரைந்து முடித்த ஷாட்டுகளைத் தூக்கிப்போட வேண்டிவரும்.

எந்த சாப்ட்வேர் நல்லதுங்க?

கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம். பழக எளிது கிரிட்டா. செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃபிளிப்பாகிளிப். எதுவானாலும் முதல் கோடு போடும் முன்பே 1920 × 1080 அளவையும் 24 ஃபிரேமையும் அமைத்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் உதட்டசைவு எல்லாம் விலகிப்போகும்.

கிரிட்டா ஃபிரேம்களை எல்லாம் கணினியின் ராமில் ஏற்றிவைக்கும். முழுப் படத்தையும் ஒரே கோப்பில் வரைந்தால் 8 ஜிபி கணினி திணறி நின்றுவிடும். ஒரு ஷாட்டுக்கு ஒரு கோப்பு. ‘ஷாட்12_3’ என்று எண்ணும் திருத்த எண்ணும் போட்டுப் பெயர் வையுங்கள்; ‘ஃபைனல்’ என்று வைக்காதீர்கள்.

கிழவன் பூந்துட்டான்னு எப்படிங்க தெரிய வெக்கறது? கண்ணைப் பச்சையாக்குனா போதாதுங்களா?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். பச்சைக் கண் முகம் நெருக்கமாகத் தெரியும் ஷாட்டில் மட்டும் வேலை செய்யும். சபைக் காட்சியில் ராஜாவின் தலை 60 பிக்சல் உயரம் இருந்தால் கண் நாலைந்து பிக்சல்தான் வரும். அந்த ஷாட்டில் உள்ளே இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. முதுகு காட்டி நின்றால் சுத்தமாகத் தெரியாது.

ஆகவே பழக்கங்களை மாற்றுங்கள். அதற்கு முன் பழக்கங்களைக் காட்டியாக வேண்டும். பல கதைகளில் முதல் 10 நொடிக்குள் கிழவன் புகுந்துவிடுகிறான். பார்ப்பவருக்கு நல்ல ராஜாவைத் தெரியாது. தெரியாத ஆள் மாறினால் யாருக்கு வலிக்கும்? 3 நிமிடப் படத்தில் முதல் 40 நொடி ராஜாவுக்கே கொடுங்கள். மூன்று பழக்கம் போதும். அவருக்கு இடது கைப் பழக்கம். கட்டுத்தரைப் பக்கம் போனால் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிவிட்டுத்தான் வருவார். சிம்மாசனத்தில் சாய மாட்டார், எழுந்து ஓடத் தயாராக நுனியில் உட்காருவார். கிழவன் புகுந்ததும் கை வலதாகிறது, கன்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை, சாய்ந்து உட்காருகிறார். கண்ணைத் தொடாமலே மூன்றும் நிழலுருவத்திலேயே தெரியும்.

இடது கையில் ஓர் ஆபத்து உண்டு. நேரம் மிச்சமாகட்டும் என்று ராஜாவின் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி, எதிர்ப்பக்கம் பார்ப்பவராக்கிவிடுவார்கள். உடனே அவர் வலது கைக்காரர் ஆகிவிடுவார். கிழவன் இப்போதே புகுந்துவிட்டானோ என்று பார்ப்பவர் குழம்புவார். ராஜாவை மட்டும் திருப்பாதீர்கள். மந்திரிகளைத் தாராளமாகத் திருப்பலாம்.

நடையை எப்படி மாத்தறதுங்க?

சாதாரண நடை ஓர் அடிக்கு 12 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 6 வரைபடம். கால் ஊன்றிய பிறகு உடம்பு சற்றே இறங்கும், மறுகால் கடக்கும்போது ஏறும். ராஜாவுக்கு இந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், உயிருள்ள மனிதராகத் தெரிவார். கிழவன் ஓட்டும் உடம்புக்கு ஓர் அடிக்கு 20 ஃபிரேம், ஏற்ற இறக்கம் சுழி. தலை ஒரே கோட்டில் மிதந்து போகும். குதிகாலுக்குப் பதில் முன்பாதம் முதலில் ஊன்றட்டும். யாரோ பழகாத வண்டியை ஓட்டுவதுபோல் இருக்கும்.

கால் வழுக்குகிறது என்றால் காரணம் ஒன்றே: ஊன்றிய பாதம் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரே அளவு பின்னுக்குப் போகவில்லை. தரையில் சம இடைவெளியில் கோடு போட்டுத் தனி லேயராக (படத்துக்கு அடியில் தனி அடுக்காக) வைத்துக்கொண்டு, பாதத்தைக் கோட்டுக்குக் கோடு நகர்த்துங்கள்.

பூந்துக்கற அந்த சீன் சப்புனு இருக்குதுங்க. மின்னல் எல்லாம் போட்டும் எடுபட மாட்டீங்குது.

மின்னலைக் குறைத்தால் எடுபடும். 4 நொடி, அதாவது 96 ஃபிரேம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 24 ஃபிரேமில் மணி நெஞ்சில் படுகிறது, ராஜா புன்னகையோடு நிற்கிறார். அடுத்த 12-இல் மெல்லக் குனிகிறார். பிறகு 4 ஃபிரேமில் முதுகு வெடுக்கென்று நிமிர்கிறது. இங்கே மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் தனி வரைபடம். அடுத்த 32 ஃபிரேம் ஒன்றும் அசையாது, மூச்சுகூடக் கிடையாது. வெளிச் சத்தத்தையும் அறுத்துவிடுங்கள்: காக்கை, கூட்டம், காற்று எல்லாம் நின்றுவிடும். கடைசி 24-இல் இடது கை தொங்குகிறது, வலது கை எழுந்து மணியைத் தொடுகிறது. அவ்வளவே.

வெளிச்சம் வெட்டவே வேண்டும் என்றால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வேகமாகச் சிமிட்டும் ஒளி, குறிப்பாக அடர்ந்த சிவப்பு, சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டிவிடும். படத்தைப் போட்டுக் காட்டப்போவது பிள்ளைகளுக்குத்தான்.

அப்போ ராஜா எங்கீங்க போயிடறாரு? தூங்கிட்டாரா, செத்துட்டாரா?

எங்கும் போகவில்லை. அவர் உள்ளேயே இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராஜா காணாமல் போய்விட்டால் மீதிப் படம் வெறும் வில்லன் படம். அவர் முகமூடியைப் போட்ட யாரோ ஒருவன். ஒரே உடம்பில் இரண்டு பேர் இருப்பதுதான் இந்தக் கதையின் உயிர். ஆகவே கிழவன் ஓட்டும் ஒவ்வொரு காட்சியிலும் ராஜா ஒருமுறையாவது எட்டிப் பார்க்கட்டும். ஆணைச் சீட்டில் வலது கை முத்திரை வைக்கும்போது மேசைக்கடியில் இடது கையின் சுண்டுவிரல் மட்டும் அசைகிறது. 8 ஃபிரேம், நாலு வரைபடம், வேறெதுவும் வேண்டாம். அந்த விரலைக் கண்டுபிடித்த பிள்ளை பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் காட்டும்.

ராஜா நம்ம ஊர்ப் பேச்சு பேசலாமுங்களா? சிரிப்பாங்களே?

தாராளமாகப் பேசலாம். சிரிப்புக்கென்று மட்டும் கொங்குப் பேச்சை வைத்தால்தான் சிரிப்பார்கள்; ராஜா நிதானமாக, அக்கறையோடு பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ‘ஏனம்மிணி, கன்னு தண்ணி குடிச்சுதா?’ என்று மாட்டுக்காரச் சிறுமியிடமும், ‘கொளத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுங்க?’ என்று வயதான நீர்க்காரரிடமும் கேட்கிற ராஜா. கிழவன் புகுந்த பிறகு அதே சிறுமியிடம், ‘நீ யார்?’ என்கிறான். நீர்க்காரரிடம், ‘கரையை உடை’ என்கிறான். ‘ங்க’ போய்விட்டது, அம்மிணி போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கிழவனுக்கு வேறு மாவட்டத்துப் பேச்சைக் கொடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்களாக்கியது போலாகிவிடும். குட்டை வாக்கியம், மரியாதை விகுதி இல்லாத ஏவல், பெயர் சொல்லி அழைக்காமை: இந்த மூன்றுமே போதும்.

ரெண்டு குரலுக்கும் ஒரே ஆளுங்களா, வேற வேற ஆளுங்களா?

ராஜாவுக்குக் குரல் கொடுப்பவரே இரண்டையும் பேசட்டும். கிழவனுக்கு இன்னொருவர் அதே வசனத்தை அதே வேகத்தில் கிசுகிசுவென்று பேசி, அதை அடியில் மெல்லிதாகச் சேருங்கள். ஒலியைத் திருத்தும் சாப்ட்வேரான ஆடாசிட்டியில் சுருதியைக் குறைப்பதானால் 3 அரைச்சுரத்துக்கு மேல் போகாதீர்கள். போனால் மெய்யெழுத்தெல்லாம் மசமசத்து வசனம் புரியாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். சுற்றிலும் போர்வையோ ஜமக்காளமோ தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை விசைத்தறிச் சத்தம். பிறகு சாப்ட்வேரில் நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், தறியோடு சேர்ந்து குரலும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். தறி நிற்கும் நேரத்தில் பதிவதுதான் ஒரே வழி. மின்சாரம் நிறுத்தும் நாள் இதற்குத் தோதான நாள். லேப்டாப்பை மட்டும் முன்கூட்டியே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாயசைவு ஒட்டவே மாட்டீங்குதுங்க.

ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் வரையத் தேவையில்லை. ஆறு வாய் போதும்: மூடியது (ப, ம), பெரிதாகத் திறந்தது (அ, ஆ), அகன்றது (இ, ஈ, எ, ஏ), குவிந்தது (உ, ஊ, ஒ, ஓ), கீழுதட்டில் பல் பட்டது (வ), நாக்கு தெரிவது (ல, ள, ழ, த). மற்ற மெய்களுக்கு எல்லாம் பாதி திறந்த ஏதாவது ஒன்றைப் போடலாம்.

மூடிய வாய் தவறினால்தான் கண்ணுக்கு உறுத்தும். தனி ம, ப-வுக்குக் குறைந்தது 2 ஃபிரேம். ‘அம்மா’, ‘அப்பன்’, ‘கொம்பு’ போன்ற சொற்களில் உதடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும், 4 ஃபிரேம் கொடுங்கள். கிழவன் பேசும்போது வாயைப் பாதி மட்டும் திறந்து, சத்தத்துக்கு 2 ஃபிரேம் பின்னால் அசையவிட்டால் யாரோ உள்ளிருந்து ஆட்டுவதுபோல் இருக்கும். அதற்கு மேல் தள்ளினால் படம் எடுத்தவர் தவறிவிட்டார் என்று நினைப்பார்கள்.

பழைய காலத்து மந்திரவாதின்னா எந்தக் காலமுங்க? என்ன துணி போடறது?

நீளத் தாடி, கூம்புத் தொப்பி, நட்சத்திர அங்கி எல்லாம் வேண்டாம். அதைவிட அழகான பழமை நம் காலடியில் இருக்கிறது. நொய்யல் கரையில், சென்னிமலை பக்கம் கொடுமணல். 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர். அங்கே நடந்த அகழாய்வில் சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல் போன்றவற்றில் மணி செய்த தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், சங்கு அறுத்த தடயங்களும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்போனது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இதிலிருந்தே கிழவன் முழுசாகக் கிடைத்துவிடுவான். பருத்தி உடை, சங்கு வளையல், கழுத்தில் கல்மணி, கையில் இரும்புக் கத்தி. மந்திரம் எழுதுவது காகிதத்தில் அல்ல, பானை ஓட்டில் கீறி. கொடுமணல் கற்பதுக்கைகளில் பலகைக்கல் ஒன்றில் வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். கிழவன் வெளியே வர அதைவிட நல்ல வாசல் யாராலும் கற்பனை செய்ய முடியாது. மணியின் துளையும் அதே வட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காட்சி மாற்றலாம்.

ராஜாவின் காலம் 12ஆம் நூற்றாண்டு என்று வைத்தால் சமையற்கட்டில் மிளகாயும் தக்காளியும் இருக்கக் கூடாது. இரண்டும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்தவை. சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவை வேலியும் வரையுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் கதை நடந்தால் மலை மேற்கே, அதனால் சூரியன் மலைக்குப் பின்னால் மறையும். மலைக்குப் பின்னாலிருந்து விடியற்காலைச் சூரியன் எழும்பாது.

கன்னுக்குட்டிக்கு என்ன கலருங்க?

காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். குட்டியை வெள்ளையாகப் போட்டால் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை உடனே பிடித்துவிடும்.

ஊர்ப் பெரியவங்க, சாமி வர்றதைக் கிண்டல் பண்றீங்களான்னு கோவிச்சுக்கறாங்க.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நோம்பியில் (கோயில் திருவிழாவில்) பம்பை முழங்க, உடுக்கை அடிக்க, ஒருவர் மேல் அருள் வருவது இங்கே வழிபாடு. சாமி வந்தவர் வாக்குச் சொல்வார், திருநீறு கொடுப்பார், பிறகு சாமி மலையேறும். அதே அடையாளங்களைக் கெட்ட கிழவனுக்குக் கொடுத்தால் பார்ப்பவர் மனம் புண்படத்தான் செய்யும். பம்பை, உடுக்கை, வேப்பிலை, திருநீறு, விரித்த தலைமுடி, சுற்றி ஆடுவது எதுவும் கிழவன் பக்கம் வேண்டாம். அருள் வருவது ஆட்டத்தோடும் கொட்டோடும். கிழவன் வருவது அசைவின்மையோடும் மௌனத்தோடும். மின்னலைக் குறைக்கச் சொன்ன பதிலில் வரும் அந்த 32 ஃபிரேம் அசைவின்மைக்கு இந்தப் பயனும் உண்டு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: சாட்டையால் அடித்தோ சூடு வைத்தோ கிழவனை விரட்டும் காட்சியை வைக்காதீர்கள். மனநோய் வந்தவர்களை அப்படி அடிப்பது உண்மையிலேயே நடக்கிறது. பிள்ளைகள் படத்தில் அது தீர்வாக வரக் கூடாது.

ராஜாவும் கிழவனும் உள்ளுக்குள்ள சண்டை போடறதை எப்படிக் காட்டறது?

தோல்பாவை முறையில் காட்டுங்கள். மற்றக் காட்சிகளிலிருந்து தனியாகத் தெரியும், வரைய வேண்டியதும் குறைவு. 300 ஜிஎஸ்எம் அட்டையில் தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, கால் எனத் தனித்தனியாக வெட்டி, மூட்டில் நூல் முடிச்சுப் போடுங்கள். இரண்டு துண்டும் மூட்டில் அரையங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இல்லையென்றால் கை மடங்கும்போது வெளிச்சம் ஓட்டையாகத் தெரியும். வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, பின்னால் ஒரே ஒரு பல்பு வையுங்கள். பாவை துணியை ஒட்டியிருந்தால் நிழல் கூர்மை; விலகினால் பெரிதாகி மங்கும். ராஜா துணியை ஒட்டியும் கிழவன் பின்னால் தள்ளியும் நின்றால், எந்த வித்தையும் இல்லாமல் கிழவன் பூதாகாரமாகத் தெரிவான்.

செல்போனில் பிடிக்கும்போது படம் பட்டை பட்டையாகச் சிமிட்டினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒளி அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள்.

கடைசில அந்த மணியை உடைச்சா முடிஞ்சுதுங்களா?

வெளியிலிருந்து யாரோ ஓடிவந்து மணியை உடைத்தால் ராஜா ஒரு மூட்டைபோல மீட்கப்படுவார். அது சப்பென்று இருக்கும். சிறுமி கன்றைச் சபைக்குள் ஓட்டி வரட்டும். கன்று வந்து அந்தத் தொங்கும் இடது கையை முட்டட்டும். சுண்டுவிரல் அசைந்தது நினைவிருக்கிறதா? இப்போது ஐந்து விரலும் அசைந்து, கை எழுந்து, கன்றின் நெற்றியைத் தடவிவிட்டு, அதே கை மணியை அறுக்கிறது. ஆரம்பத்தில் காட்டிய பழக்கம்தான் ஆயுதம்.

மணி அறுந்தால் கிழவன் போய்விடுவான் என்ற விதியைப் படத்தின் முதல் பாதியிலேயே காட்டிவிட வேண்டும். உதாரணத்துக்கு, குளிக்கும்போது மணி ஒரு நொடி கழன்று, ராஜா திகைத்து விழித்து, உடனே வலது கை அதை மாட்டிவிடுகிறது. கடைசி நிமிடத்தில் புது விதி சொன்னால் பிள்ளைகள் ஏமாற்றமாக உணர்வார்கள்.

கரை உடைஞ்சு காடெல்லாம் முழுகிப்போச்சு. ராஜாவைத் திட்டலாமா, வேண்டாமா? பசங்க சண்டையே போட்டுக்கறாங்க.

அந்தச் சண்டை வந்தால் கதை வேலை செய்கிறது என்று பொருள். ஆணை கிழவனுடையது, ஆனால் நீரில் போனது உண்மையான கம்பங்காடு. ‘நான் இல்லீங்க, அவன்தான்’ என்று ராஜா சொல்லி நகர்ந்துவிட்டால் அதுவரை சேர்த்த அன்பெல்லாம் போய்விடும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. 15 நொடி ஒதுக்கி, ராஜா இடது தோளில் மண்கூடை சுமந்து கரைக்கு வருவதைக் காட்டுங்கள். நீர்க்காரர் ஒன்றும் பேசாமல் ஒதுங்கி வழிவிடட்டும். நடை 12 ஃபிரேமுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 20 ஃபிரேம் நடையையே ஒட்டிவிடுகிறார்கள், கிழவன் இன்னும் போகவில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்துல போட்டா ஒண்ணுமே தெரியலைங்க, எல்லாம் இருட்டு.

கணினித் திரையில் தெரியும் இருட்டு வேறு, சன்னல் திறந்த வகுப்பறையில் புரொஜெக்டரில் தெரியும் இருட்டு வேறு. கற்பதுக்கை, இரவு, பாவைக் காட்சிகளில் முழுக் கறுப்பைப் பின்னணிக்கு மட்டும் வைத்து, முகமும் கையும் நடுத்தர வெளிச்சத்துக்கு மேலேயே இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ராஜாவின் கை பின்னணியோடு கலந்துபோனால் அதன் ஓரத்தில் ஒரு வெளிர்கோடு இழுங்கள்.

எச்.264 எம்பி4 ஆக எடுத்துக்கொண்டால் பெரும்பாலான கணினியிலும் ஓடும். அகலத் திரைப் படம் பழைய சதுர புரொஜெக்டரில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சின்னதாக வரும். அப்போது திரைக்கு அருகே பிள்ளைகளை உட்கார வையுங்கள். தனி ஸ்பீக்கர் கொண்டுபோங்கள். புரொஜெக்டரின் சொந்த ஒலியில் கிழவனின் கிசுகிசுப்பு கேட்காது.